எட்டாம் தலைமுறையில் இருநூற்றைம்பத்தாறு பேர்

மகளே,

நாளைச் சாயங்காலம் உனக்கு மெட்ராஸ் ரயில். அங்கிருந்து, மாப்பிள்ளைக்கு வேலை மாற்றலாகியிருக்கிற விசாகப்பட்டினம். மக்ரூன் இனிப்பு டப்பாவைப் பெட்டியின் எந்த மூலையில் செருகுவது என்று உள்ளே நீயும் மாப்பிள்ளையும் வாதாடிக்கொண்டிருக்கிறீர்கள். நீதான் ஜெயிப்பாய், அவருக்கு அது இன்னும் தெரியவில்லை, பாவம். நான் அடுப்படி மேசையில் உட்கார்ந்து, பரீட்சைத் தாள் திருத்துகிற பாவனையில் இதை எழுதுகிறேன். நேரில் சொல்ல வந்தால் பாதியிலேயே நீ கேலி பண்ணுவாய். ரயில் மதுரை தாண்டிய பிறகு பிரித்துப் படி. அதற்கு முன்னால் பிரித்தால் எனக்குத் தெரிந்துவிடும், எப்படி என்று கேட்காதே.

நீ பிறப்பதற்கு முன்பிருந்தே நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அல்ஜீப்ராவில் அடுக்குச் சமன்பாடு வரும்போதெல்லாம் போர்டில் நான் முதலில் போடுகிற கணக்கு ஒன்று உண்டு: 2ˣ = 256. எத்தனை இரண்டுகளைப் பெருக்கினால் இருநூற்றைம்பத்தாறு வரும்? அந்த 256ஐயும் இரண்டின் அடுக்காகவே எழுது, 2⁸ என்று. இப்போது இரண்டு பக்கமும் அடிமானம் ஒன்றுதான், இரண்டு. அடிமானம் ஒன்றாகிவிட்டால் மேலே இருக்கிற அடுக்கும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். ஆகவே x = 8. பிள்ளைகள் கூட்டமாக ஒப்பிப்பார்கள், நான் சாக்பீஸ் தூசியைத் தட்டிவிட்டு அடுத்த கணக்குக்குப் போவேன். நீ என் வகுப்பில் மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த வருஷம், எல்லாரும் ஒப்பித்து முடித்த பிறகு எழுந்து நின்று, "டீச்சர், எட்டுன்னா எது எட்டு?" என்று கேட்டாய். "விடை எட்டு" என்றேன். "விடை எட்டு சரி டீச்சர். ஆனா எட்டு என்னது?" என்றாய். மணி அடித்துவிட்டது. மணிக்கு நான் அன்று மனசுக்குள் நன்றி சொன்னேன்.

அந்த எட்டு என்னது என்று நீயே கண்டுபிடித்துக்கொண்டு வந்து என் வீட்டுத் தரையில் எழுதுவாய் என்று எனக்கு அப்போது தெரியாது. உன் கல்யாணக் கதையை இந்த ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். நீ அழுது சாதித்தாய் என்கிறவர்கள் உண்டு. பங்குச் சாமியார் வந்து அப்பாவுக்குப் புத்தி சொன்னார் என்கிறவர்களும் உண்டு. பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். நடந்தது நடந்தபடி உன் கையில் எழுத்தாக இருக்கட்டும்.

உன் அப்பாவை உனக்குத் தெரியும். தோணித் தண்டல். பாய் விரித்துக் கொழும்புக்குச் சரக்குத் தோணி கொண்டுபோகிற ஆள். அவர் சொன்னால் தோணியில் இருக்கிற அத்தனை பேரும் கேட்டுத்தான் ஆக வேண்டும், அந்தப் பழக்கம் கரை இறங்கிய பிறகும் போகாது. அவருடைய பெருமை முழுவதும் ஒரே மனிதரிடம் இருந்தது. கொடிக்காரத் தாத்தா. முத்துக்குளிக்கத் தோணிகள் கிளம்புகிற காலையில், முதல் தோணியில் கொடி பிடித்து நின்று போனவர் என்று பேர். அப்பாவின் அப்பா, அவருடைய அப்பா என்று விரலை மடக்கிக்கொண்டே போனால் உனக்கு எட்டாம் தலைமுறை. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் கொடிக்காரர், தோணி லேட்டானால் கொடிக்காரர், உனக்குப் பரீட்சையில் நல்ல மார்க் வந்தால் அதற்கும் கொடிக்காரர். ராத்திரி எல்லாம் உனக்குக் காபி போட்டுக் கொடுத்தது நான், மார்க் அவர் கணக்கில்.

அப்படிப்பட்டவரிடம் போய், கோயில் பாட்டுக்குழுவில் பாடுகிற பெரியதாழைப் பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்று நீ சொன்னாய். புதுத் துறைமுகத்து ஒர்க்‌ஷாப்பில் வேலை, டிப்ளமோ படிப்பு, குடிப் பழக்கம் இல்லை, வாய் அதிர்ந்து ஒரு வார்த்தை கிடையாது. எதுவும் அவர் காதில் ஏறவில்லை. "அவன் அப்பன் கட்டுமரம் தள்ளுதவன். நாம தோணிக்காரங்க. இந்தத் தெருவுக்குள்ளதான் குடுத்து எடுத்திருக்கோம். கொடிக்காரர் ரத்தத்துல அந்நிய ரத்தம் கலந்தது கிடையாது, கலக்கவும் விட மாட்டேன்" என்றார். நான் உன் முகத்தைப் பார்த்தேன். உன் வயசில் வேறு பெண்ணாக இருந்தால் சோற்றைத் தள்ளிவிட்டு எழுந்து போயிருப்பாள். நீ கையைக் கழுவிவிட்டு வந்து, "அப்பா, நீங்க கோயில்ல வந்து நின்னாத்தான் நான் கட்டுவேன். நீங்க வரலன்னா கட்ட மாட்டேன், வேற யாரையும் கட்ட மாட்டேன். ஓடிப்போறதெல்லாம் எனக்கு வராது" என்று சொன்னாய். மிரட்டல் இல்லை, அழுகை இல்லை. நீ சொன்னால் சொன்னதுதான். அவர் மனசு மாறாவிட்டால் என் மகள் இந்த வீட்டிலேயே தனியாக நின்று நரைத்துப் போவாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, என் பையிலிருந்த சாக்பீஸை எடுத்துக்கொண்டு நீ பின்கட்டுச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தாய். அப்பா ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டுக் கடுங்காப்பி குடித்துக்கொண்டிருந்தார். கீழே ஒரு புள்ளி வைத்து, "இது நான்" என்றாய். அதற்கு மேலே இரண்டு, "நீங்களும் அம்மாவும்." அதற்கு மேலே நான்கு, பிறகு எட்டு. அப்படியே இரண்டிரண்டாய்ப் பெருக்கிக்கொண்டு தரை முழுக்க மேலே மேலே போனாய். எட்டாவது வரிசையில் நின்று, "2ˣ = 256. அம்மா போர்டுல போடுற கணக்கு. x எட்டு. அந்த எட்டு கொடிக்காரர் தலைமுறைப்பா. அந்த வரிசையில எனக்கு இருநூத்தி அம்பத்தாறு பேரு. கொடிக்காரரு ஒருத்தரு. மத்த இருநூத்தி அம்பத்தஞ்சு பேரு யாருப்பா? அதுல பாதி பொம்பளைங்க. ஒருத்தி பேராவது தெரியுமா?" என்று கேட்டாய்.

அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். காலமெல்லாம் நான் போர்டில் எழுதி அழித்த கணக்கு அது. அதற்குள் இத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. சாக்பீஸ் கையோடு நீ குனிந்து உட்கார்ந்திருந்ததைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது மகளே. ஓடிவந்து கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. ஆனால் உன் அப்பா அசைகிற ஆளா? கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். உன் கோடுகளை மிதிக்காமல் சுற்றி நடந்து மூன்றாவது வரிசையில் நின்றார்.

"இதுல எத்தனை எழுதியிருக்க? எட்டா? தப்பு" என்றார். "உங்கம்மை எனக்கு யாரு? மாமா மக. என் அம்மையைப் பெத்தவங்களும், உங்கம்மையோட அப்பாவைப் பெத்தவங்களும் ஒரே ஆளுங்க. அந்த ரெண்டு பேரை நீ ரெண்டு தடவை எண்ணியிருக்க. விரல் விட்டு எண்ணிப் பாரு. ஆறு பேருதான் வரும். மூணாம் படியிலேயே கணக்கு ஒழுகுது, இதுல எட்டாம் படிக்கு ஏறுதாளாம்!"

சரியாகப் பிடித்துவிட்டார். முறைப் பெண்ணைக் கட்டுகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, அத்தையும் மாமாவும் இல்லாத ஊர்க்காரன் மாதிரி இரண்டிரண்டாய்ப் பெருக்கினாயே! கணக்கு டீச்சர் எனக்கும் அது உறைக்கவில்லை, அதுவும் நானே அந்த மாமா மகளாக இருந்துகொண்டு. அவர் ஜெயித்த சந்தோஷத்தில் மீசையைத் தடவினார். நீ மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். அழப்போகிறாய் என்று நினைத்தேன். பிறகு நிமிர்ந்து, "ஆமாப்பா! ஆறுதான்!" என்று சொல்லிச் சிரித்தாய். பல் தெரியச் சிரித்தாய். உன் தப்பை ஒருவர் காட்டிக் கொடுத்ததற்கு, அதுவும் உன் கல்யாணத்தையே மறித்துக்கொண்டு நிற்கிறவர் காட்டிக் கொடுத்ததற்கு, அப்படிச் சந்தோஷப்படுகிற ஒருத்தியை நான் அதுவரை பார்த்ததில்லை. என் வகுப்பில் படித்த எத்தனையோ கெட்டிக்காரப் பிள்ளைகள் விடை தப்பென்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். நானும் அந்த ஜாதிதான். இது உனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. கொடிக்காரரிடமிருந்து இல்லை, அது நிச்சயம்.

அதற்குப் பிறகு நீ லாக் டேபிள் என்கிற மடக்கை அட்டவணைப் புத்தகத்தோடுதான் திரிந்தாய். உன் அப்பாவோ, "என்ன, ஆறு எட்டாயிட்டா?" என்று போகும்போதும் வரும்போதும் சீண்டிக்கொண்டிருந்தார். கவனித்தாயா, அந்த நாட்களில் அவர் ஒரு தடவைகூட அந்தப் பையனைப் பற்றித் திட்டவில்லை. கணக்கைப் பற்றித்தான் பேசினார். அடுத்த ஞாயிறு அவராகவே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

"அடிமானம் ரெண்டு தப்பு. ஒத்துக்கிடுதேன்" என்று நீ ஆரம்பித்தாய். "மூணு படியில ஆறு பேருன்னா, படிக்குப் படி ஒண்ணே முக்கால் மடங்குக்கு மேல பெருகுது. உங்களுக்காக இன்னும் குறைச்சு ஒன்றரைன்னு வச்சிக்கிடுதேன். இப்பச் சொல்லுங்க, பழைய காலத்துல நம்ம தெருவுல எத்தனை பேரு இருந்திருப்பாங்க?"

"நூறு பேரு இருந்தா அதிகம்."

நீ தரையில் எழுதினாய்: 1.5ˣ = 100. நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நூறை ஒன்றரையின் அடுக்காக எழுத வழியில்லை. அடிமானத்தை ஒன்றாக்க முடியாத இடத்தில் இரண்டு பக்கமும் மடக்கை எடுக்க வேண்டும். எடுத்தால் மேலே ஏறி உட்கார்ந்திருக்கிற x கீழே இறங்கிப் பக்கத்தில் வந்து நின்றுவிடும், பிறகு வெறும் வகுத்தல்தான். நூறுக்கு மடக்கை 2. ஒன்றரைக்கு அட்டவணையில் 0.1761. வகுத்தாய். பதினொன்று தாண்டி வந்தது. "பாத்தீங்களாப்பா? பன்னிரண்டாம் தலைமுறைக்குப் போகும்போது எனக்கு நூறு பேருக்கு மேல வேணும். தெருவுல இருக்கதே நூறு பேருதான். மிச்சப் பேரு எங்கேயிருந்து வந்தாங்க? வேற கரையிலேருந்துதான் வந்திருக்கணும். கீழவைப்பாரோ, பெரியதாழையோ, எங்கேயோ ஒரு கட்டுமரக்காரி இந்தத் தெருவுக்கு மருமகளா வந்திருக்கா."

உன் அப்பா லேசில் விடவில்லை. அவரும் இத்தனை நாளாக யோசித்துத்தான் வைத்திருந்தார். "ஏளா, வெளியவே போகாம உள்ளுக்குள்ளேயே குடுத்து எடுத்தா, அந்த ஒன்றரை ஒன்றரையாவே நிக்குமா? குறையும்லா?" என்றார். நியாயமான கேள்வி. உன் கணக்கு இத்தோடு கவிழ்ந்தது என்றே நினைத்தேன்.

நீ தலையை ஆட்டினாய். "குறையும்ப்பா. நீங்க சொல்லுறது ரொம்பச் சரி. குறைஞ்சு குறைஞ்சு ஒண்ணுக்கு வந்துரும்." பழைய வரியை அழிக்காமல் அதன் கீழே மெதுவாக எழுதினாய்: 1ˣ = 100.

"இதுக்கு என்ன விடை?" என்றார்.

"விடை இல்லப்பா. எத்தனை தலைமுறை போனாலும் இல்ல. ஒண்ணை எத்தனை தடவை பெருக்கினாலும் ஒண்ணுதான். தெருவை அடைச்சுப் போட்டா அதான் வரும். எண்ணிக்கை ஏறவே ஏறாது." அந்த வரியின் மேல் சாக்பீஸை வைத்துச் சொன்னாய்: "கொடிக்காரரு ரத்தத்துல வேற ரத்தம் கலந்துச்சுன்னு என்னால நிரூபிக்க முடியாது. ஆனா கலக்கலன்னா நம்ம தெரு இந்த விடையில்லாத கணக்குதான்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் அவர் நாற்காலியைத் தூக்கி எறிந்திருப்பார். அன்று குனிந்து அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தார். அவர் கடல்காரர் மகளே. காற்று மாறினால் பாயை மாற்றுகிறவர், எப்படியும் ஒரு வழி உண்டு என்று நம்புகிறவர். விடையே இல்லை என்பது அவருக்குப் பொறுக்கவில்லை என்று நினைக்கிறேன். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போய், திரும்பிப் பார்க்காமலே, "அந்தப் பையனோட அப்பாவை வாற ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வீட்டுக்கு வரச் சொல்லு. மதியம் சாப்பாடு இங்கன" என்றார். அடுப்படிக்குள் போய் நான் அழுதேன். நீ உள்ளே வந்து, "அம்மா, மடக்கைப் புத்தகத்துல தண்ணி படுது, தள்ளி நின்னு அழுங்க" என்றாய். உன்னைப் பெற்றதற்கு எனக்கு வேண்டியதுதான்.

இன்னொன்று உனக்குத் தெரியாது. அப்பா உன்னிடம் சொல்லக் கூடாது என்றார், அதனால் எழுதுகிறேன். கல்யாண ஓலை எழுதிக் கொடுக்க நாங்கள் சாமியாரிடம் போனோம் அல்லவா. மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று அறிவிப்பதற்கு முன்னால், அவர் வழக்கமாகக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "மாப்பிள்ளை வீட்டுக்கும் உங்களுக்கும் ரத்த உறவு ஏதும் உண்டா?" நெருங்கிய உறவென்றால் தனியாக அனுமதி வாங்க வேண்டும், அதற்காகக் கேட்பது. ஒரு மாசத்துக்கு முன்னால் இதே கேள்வியை யாராவது கேட்டிருந்தால் உன் அப்பா குதித்திருப்பார். அன்று தொண்டையைச் செருமிக்கொண்டு, "பன்னிரண்டாம் தலைமுறையில இருக்கலாம் சாமி. கணக்கு அப்படித்தான் சொல்லுது" என்றார். சாமியார் பேனாவை வைத்துவிட்டு அவரையே பார்த்தார். "அவ்வளவு தூரம் நாங்க கேக்கிறதில்ல தண்டலே" என்றார். வெளியே வந்து கோயில் வாசலில் நின்று நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில், போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்தார்கள். கட்டிய நாளிலிருந்து அந்த மனிதர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

புத்திமதி சொல்லாமல் அம்மா கடிதம் முடிந்தால் உனக்கே சந்தேகம் வந்துவிடும், ஆகவே சொல்கிறேன். மாப்பிள்ளை உன் தப்பைக் கண்டுபிடித்தால் அன்று பின்கட்டில் சிரித்தாயே, அதே சிரிப்பைச் சிரி. அவர் தப்பை நீ கண்டுபிடித்தால், அடிக்கடி கண்டுபிடிப்பாய், உன் அப்பாவுக்குச் சொன்ன மாதிரி "நீங்க சொல்லுறது ரொம்பச் சரி" என்று ஆரம்பித்துச் சொல். இரண்டு பேருக்கும் ஏதாவது ஒத்துவராதபோது, யார் பெரிது என்று மேலே பார்த்துச் சண்டை போடாதீர்கள். முதலில் கீழே அடிமானத்தைப் பாருங்கள், அது ஒன்றாக இருக்கிறதா என்று. சில நாள் அது ஒன்றாகவே வராது. அன்றைக்கு அட்டவணையைத் தேடி எடுக்கிற பொறுமை உனக்கு உண்டு, எனக்குத் தெரியும். விசாகப்பட்டினத்தில் எம்.எஸ்சி.க்கு இடம் கிடைக்குமா என்று போன உடனே விசாரி. சமையல் தானாக வரும், வராவிட்டாலும் ஒன்றும் முழுகிவிடாது.

நேற்றுச் சாயங்காலம் உன் அப்பா துறைமுகத்திலிருந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஏளா, நம்ம மகளுக்கு ஒரு பிள்ளை பிறந்தா, அதுக்கு நாம யாரு?" என்றார். "நாலுல ரெண்டு பேரு" என்றேன். "அதுக்கு ஒரு பிள்ளை பிறந்தா?" "எட்டுல ரெண்டு." அப்படியே கேட்டுக்கொண்டே போனார். நானும் பெருக்கிக்கொண்டே போனேன். எட்டாம் தலைமுறையில் போய் நின்றோம். "இருநூத்தி அம்பத்தாறுல ரெண்டு" என்றேன்.

"அதுங்களுக்கு நம்ம பேரு தெரியாது, என்னா?"

"தெரியாது."

வருத்தப்படுவார் என்று நினைத்தேன். எழுந்து சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "தெரியாட்டா என்ன. எவளாவது ஒருத்தி சாக்பீஸை எடுத்துக்கிட்டு உக்காந்து கேப்பா, மத்தவங்கள்லாம் யாருன்னு. நம்ம மக வம்சம்லா."

பத்திரமாகப் போய்ச் சேர்.

இப்போதைக்கு உனக்கு இரண்டில் ஒருத்தியாக இருக்கிற,
உன் அம்மா